கச்சான் திசையில் ஒரு நாற்காலி

மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரிட்ஜ் சீட்டு ஆடும்போது, நாலு பேர் உட்காரும் இடங்களை வடக்கு, கிழக்கு என்று யாரும் சொல்ல மாட்டோம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். எங்களோடு ஆடிய நாலாவது ஆள் விசைப்படகு வைத்திருந்தவர். திசையைக் காற்றின் பெயரால் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் எப்போதும் கச்சான், அதாவது மேற்கு. எதிரே கொண்டலில் என் வீட்டுக்காரர்.

இந்த ஆட்டம் எனக்கு வந்தது மண்டபம் கேம்ப்பில் குடியிருந்த காலத்தில். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பக்கத்து வீட்டு மேடத்துக்கு நாலு கை சேர வேண்டும், ஒரு கை குறைந்தது, என்னைப் பிடித்து உட்கார வைத்தார். பாம்பன் பக்கத்தில் போய் "பிரிட்ஜ் ஆடப் போறேன்" என்றால் என்ன நினைப்பார்கள்? "பாலத்துலயா?" என்று கேட்டவர்கள் உண்டு. பெயருக்கும் பாலத்துக்கும் சம்பந்தமில்லை. 1886-ல் லண்டனில் அச்சான விதித்தாளில் இதன் பழைய வடிவத்துக்கு 'பிரிட்ச்' என்றுதான் பெயர். இன்று ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-ல் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர், பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் வைத்து வகுத்தார். இதைச் சொன்னபோது படகுக்காரர், "கப்பல்ல பொறந்ததா? அப்ப நம்ம ஆட்டம்தான்" என்றார்.

அவர் மகனோடு இருக்கத் தூத்துக்குடி போய்விட்டார். நாலாவது கை போனதும் பிரிட்ஜ் நின்றது. மறுபடி எங்கள் குடும்பத்துப் பழைய சீட்டாட்டமான முந்நூற்று நாலுக்கே திரும்பினோம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. என் மாமியார் அதில் புலி. மூக்குத்தியைத் தொட்டால் கையில் ஜாக்கி இருக்கிறது என்று அர்த்தம். எதிராளிக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். நன்றாகச் சாடை காட்டுவதும் ஆட்டத்தில் ஒரு திறமை என்றே நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்தப் பழக்கத்தோடுதான் மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாத விசாவில் இங்கிலாந்து போய் இறங்கினேன். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சின்ன ஊர். நாலு மணிக்கெல்லாம் இருட்டு. குழந்தை பிறந்து இரண்டு மாதம் வரை நிமிர நேரமில்லை. அதற்கப்புறம் மாப்பிள்ளை ஒருநாள், "அத்தை, இங்க தேவாலயத்து ஹால்ல செவ்வாய்க்கிழமை பிரிட்ஜ் நடக்குதாம், போறீங்களா?" என்றார். மகளுக்கு யோசனைதான். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேராகப் போய்க் கதவைத் தட்டாமல் முதலில் மின்னஞ்சல் அனுப்பியது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பிரிட்ஜ் ஜோடி ஆட்டம். தனியாகப் போய் நின்றால் உங்களால் ஒரு மேசையே கணக்குத் தப்பும். பல கிளப்புகளில் ஜோடி இல்லாமல் வருபவரோடு ஆடுவதற்கென்று முறை வைத்து ஒருவர் தயாராக இருப்பார், ஆனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆடியிருக்கிறேன், எப்படிப்பட்ட ஆட்டம், கடைசியாக எப்போது ஆடினேன் என்று மூன்று வரி எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாக எழுதத் தோன்றும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஜோடி தேடுவார்கள்.

எனக்குக் கிடைத்தவர் எழுபத்தெட்டு வயது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் மாலை போன் செய்தார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்டது: "உங்கள் ஒரு நோ ட்ரம்ப் எத்தனை பாயின்ட்?"

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிரிட்ஜ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கையை எண்ணிக்கொண்டு, அதை ஜோடிக்குக் கேள்வி, அதாவது ஏலம் மூலமாகத் தெரிவிப்பதுதான் பாதி ஆட்டம். நாங்கள் மண்டபத்தில் கற்றது அமெரிக்க முறை. துருப்பில்லாமல் ஒன்று, அதாவது ஒரு நோ ட்ரம்ப் என்று கேள்வியைத் திறந்தால் கையில் 15 முதல் 17. இங்கிலாந்து கிளப்புகளில் பெரும்பாலும் ஏக்கல் முறை, லண்டனில் உள்ள ஒரு தெருவின் பெயரால் 1930-களில் வந்தது. அதில் அதே கேள்விக்கு 12 முதல் 14. சொல் ஒன்றுதான், அர்த்தம் வேறு. மதுரையில் ஒரு படி அரிசி கேட்டு இங்கே உள்ள படியால் அளந்து வாங்குவது மாதிரி.

போனில் பத்து நிமிடம் பேசி ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு நோ ட்ரம்ப் 12–14, அதற்குப் பதில் கேட்கும் முறைகளில் ஸ்டேமன் உண்டு, ட்ரான்ஸ்ஃபர் உண்டு, நாலு ஆர்ட்டினோ நாலு ஸ்பேடோ இருந்தாலே திறக்கலாம். அவர் முறைக்கு நான் போனேன், என் முறைக்கு அவரை இழுக்கவில்லை. வெளியூரில் ஆடப் போகிறவர்கள் இதை யோசிக்காமல் ஏற்றுக்கொள்வது நல்லது. அந்த அறையில் இருக்கிற எல்லோரும் அந்த முறையில் ஆடும்போது நீங்கள் மட்டும் வேறு முறையில் ஆடினால், ஒரே சீட்டுக்கு வேறு ஒப்பந்தத்தில், அதாவது வேறு கடைசிக் கேள்வியில் போய் முடிவீர்கள்.

தாளில் எழுதிவிட்டால் மண்டையில் ஏறிவிடுமா என்ன? முதல் கையிலேயே மாட்டினேன். என்னிடம் 12 பாயின்ட், சமமாகப் பிரிந்த கை. ஒரு நோ ட்ரம்ப் என்று திறந்திருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் ஒரு கிளாவர் என்று திறந்து, அடுத்த சுற்றில் ஒரு நோ ட்ரம்ப் என்றேன். ஏக்கல்காரர் காதில் அது 15-க்கு மேல் என்று விழும். அவரிடம் 10. கூட்டிப் பார்த்து மூன்று நோ ட்ரம்புக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து 22 பாயின்ட்தான். ஏழு பிடி வந்தது, மூன்று நோ ட்ரம்புக்கு ஒன்பது வேண்டும். மற்ற மேசைகளில் ஒரு நோ ட்ரம்பில் நின்று அதே ஏழு பிடியோடு 90 வாங்கினார்கள், எங்களுக்கு 100 நஷ்டம். அவர் சிரித்துக்கொண்டே "பேட் லக்" என்றார். லக் எங்கே வந்தது இதில்? என் வீட்டுக்காரராக இருந்தால் அந்த இடத்தில் பதினைந்து நிமிடப் பிரசங்கம் நடந்திருக்கும்.

அங்கே மேசையில் யாரும் போன கையைப் பற்றிப் பேசுவதில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம்: ஒரு கைக்கு ஏழெட்டு நிமிடம், மூன்று மணி நேரத்தில் 24 கை முடிய வேண்டும். இன்னொரு காரணம், அதே கையைப் பக்கத்து மேசைக்காரர் இனிமேல்தான் ஆடப் போகிறார், காதில் விழக் கூடாது. இதுதான் டூப்ளிகேட் முறை. திண்ணையில் நாம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலைத்துப் போடுகிறோம். அங்கே சீட்டு ஒரு தட்டையான பெட்டியில் நாலு அறைகளில் இருக்கும். ஒரு மேசை ஆடி முடித்ததும் அந்தந்தக் கை அந்தந்த அறைக்கே திரும்பி, பெட்டி அடுத்த மேசைக்குப் போகும். எல்லோரும் ஒரே சீட்டைத்தான் ஆடுகிறார்கள், யார் அதில் அதிகம் எடுத்தார்கள் என்பதுதான் போட்டி.

இதனால் கை செய்யும் பழைய வேலைகள் எல்லாம் மாறுகின்றன. சீட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் கவிழ்த்தபடியே பதின்மூன்று இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஆடிய சீட்டை நடுவில் எறியக் கூடாது, தன் முன்னாலேயே காட்டி, கவிழ்த்து வைக்க வேண்டும். நாம் பிடித்திருந்தால் நெடுக்காக, எதிராளி பிடித்திருந்தால் குறுக்காக. நான் இரண்டாவது பெட்டியில் பிடித்த பிடியை வழக்கம்போல வாரி என் பக்கம் சேர்த்தேன். நாலு பேரின் சீட்டும் கலந்துபோய், அதை மறுபடி பிரித்து வைக்க நாலு பேரும் ஞாபகசக்திப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. வடக்கில் இருப்பவர் அசைய மாட்டார், அவர்தான் சின்னக் கருவியில் மதிப்பெண் தட்டுவார். நான் உட்கார்ந்த கச்சானும் எதிர்க் கொண்டலும் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து அடுத்த மேசைக்கு நடக்க வேண்டும். கண்ணாடியை ஒரு மேசையிலும் பையை இன்னொரு மேசையிலும் வைத்துவிட்டுப் போனேன்.

கேள்வியையும் வாயால் சொல்வதில்லை. மேசை மூலையில் ஒரு பெட்டி, அதில் அடுக்கடுக்காக அட்டைகள். வேண்டிய அட்டையை அதற்குப் பின்னால் இருப்பவற்றோடு சேர்த்து எடுத்து முன்னால் வைக்க வேண்டும். பாஸ் பச்சை, டபுள் சிவப்பு. ஒரேயடியாக ஏறிக் கேட்பதற்கு முன் 'ஸ்டாப்' அட்டை, அதைப் பார்த்ததும் அடுத்தவர் பத்து நொடி பொறுக்க வேண்டும். முடிவு செய்யாமல் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. பச்சையைத் தொட்டுவிட்டு மேலே போய் வேறொன்றை எடுத்தால் கையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இன்னொரு வேடிக்கை: நான் ஒரு நோ ட்ரம்ப் வைத்ததும் என் ஜோடி எதிராளிகளுக்குக் கேட்கும்படி "ட்வெல்வ் டு ஃபோர்டீன்" என்றார். முதல்முறை எனக்குத் திக்கென்றது, ரகசியத்தை ஏன் போட்டு உடைக்கிறார்? சட்டமே அதுதான். உங்கள் கேள்விக்கு உங்களுக்குள் என்ன அர்த்தமோ, அது எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது அன்றைய பெரிய அவமானம். வடக்கில் இருந்தவர் ஒப்பந்தம் எடுத்தார். நான் உடனே ஸ்பேட் ராஜாவைப் பளிச்சென்று மேசையில் போட்டேன். அமைதி. முந்நூற்று நாலு இடமாகச் சுற்றும், பிரிட்ஜ் வலமாக, கடிகாரம் சுற்றுகிற மாதிரி. ஒப்பந்தக்காரருக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதல் சீட்டை இறக்க வேண்டும். அது என் ஜோடி. நான் இருந்தது வலப்பக்கம். நிறுத்தி வைத்த இத்தனை வருடத்தில் கை திரும்ப இடப்பக்கமாகவே பழகிப்போயிருந்தது.

"டைரக்டர், ப்ளீஸ்!" என்று எதிராளி கையைத் தூக்கினார். தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை போல எனக்கு வியர்த்தது. நடுவராக வந்தவர் ஒரு விதிப் புத்தகத்தைப் பிரித்து, சிரிக்காமல் கோபிக்காமல், ஒப்பந்தக்காரருக்கு உள்ள வழிகளைச் சொன்னார். அந்தச் சீட்டை ஏற்று ஆடலாம், ஏற்று, தன் சீட்டைத் திறந்து வைத்து ஜோடியை ஆடவிட்டு ஊமைக் கையாக உட்காரலாம், என் ஜோடி ஸ்பேட் இறக்க வேண்டும் என்று கட்டளையிடலாம், இறக்கக் கூடாது என்று தடுக்கலாம், அல்லது என் ராஜாவைத் திறந்தபடி மேசையிலேயே கிடக்க விடலாம். அவர் தடுத்தார். ராஜா என் கைக்குத் திரும்பினான். என் ஜோடி டைமண்ட் இறக்க, ஒப்பந்தம் நிறைவேறியது.

டைரக்டரைக் கூப்பிடுவது புகார் கொடுப்பது இல்லை என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. மீன் ஏலத்தில் தராசு சரியா என்று பார்க்கச் சொல்வது போலத்தான், யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. பிழை நடந்தால் மேசைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் நீங்களே கையைத் தூக்குங்கள். இந்தப் பிழை வராமலிருக்க என் ஜோடி தேநீர் இடைவேளையில் சொல்லித் தந்த வழி, முதல் சீட்டைக் கவிழ்த்து வைப்பது. உண்மையில் விதியும் அதுதான். கவிழ்த்து வைத்து "கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்க வேண்டும். முறை தப்பியிருந்தால் அப்போதே யாராவது சொல்லிவிடுவார்கள், டைரக்டர் சொன்னதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தேநீர் இடைவேளையில்தான் எனக்குள் இருந்த மாமியாரின் மூக்குத்தி உடைந்தது. அதற்கு முந்தின கையில் எதிராளி மூன்று ஆர்ட்டின் கேட்டிருந்தார். என் கை இரண்டுங்கெட்டான். கேட்கலாமா வேண்டாமா என்று அரை நிமிடம் யோசித்துக் கடைசியில் பச்சை அட்டையை வைத்தேன். என் ஜோடியிடம் நல்ல ஸ்பேட் வரிசை இருந்தது, மூன்று ஸ்பேட் கேட்டிருந்தால் வந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் யோசித்ததைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கேட்க முடியாமல் போயிற்று" என்றார்.

எனக்குப் புரிய அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நான் நேரம் எடுத்ததால் என் கையில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது சீட்டோ கேள்வியோ சொன்ன செய்தி இல்லை, முகமும் நேரமும் சொன்ன செய்தி. அதை வைத்து லாபம் அடையக் கூடாது. கேட்பதா விடுவதா என்று ஊசலாடுகிற கையாக இருந்தால், என் தயக்கம் காட்டிக்கொடுத்த பக்கம் அவர் போகாமல் எதிர்ப்பக்கம் போக வேண்டும். எங்கள் திண்ணையில் எதை வைத்து ஆட்டத்தையே ஆடினோமோ, அதைக் கண்டதும் அங்கே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஆக, நல்ல ஜோடிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி எல்லாக் கேள்வியையும் ஒரே வேகத்தில் கேட்பது. நான் யோசித்த அரை நிமிடம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

2015-ல் உலகப் போட்டியான பெர்முடா பவுல் சென்னையில் நடந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஒருநாள் பார்க்கப் போயிருந்தோம். மேசைக்கு நடுவே குறுக்காகத் திரை வைத்து, ஜோடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆடினார்கள். திருடர்களுக்குப் போட்ட வேலி என்று அன்று நினைத்தேன். இப்போது அந்தத் திரை இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது.

ஊமைக் கையாக இருப்பதும் அப்படித்தான். ஜோடி ஆடும்போது நம் கையைத் திறந்து வைத்துவிட்டு, அவர் சொல்கிற சீட்டை எடுத்துப் போடுவது மட்டும்தான் வேலை. இரண்டாவது வாரம், இதைத்தான் கேட்கப் போகிறார் என்று ஆஸ் பக்கம் கையை நீட்டிவிட்டேன். எதிராளி கிழவர் மெதுவாக, "அவர் இன்னும் சொல்லவில்லையே" என்றார். அன்றிலிருந்து ஊமையானதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

மதிப்பெண் பற்றி ஒன்று. திண்ணையில் ஒப்பந்தம் வந்தால் போதும், மேலே ஒரு பிடி வந்தால் அது கறிவேப்பிலை. ஜோடிப் போட்டியில் அந்த ஒரு பிடிதான் குழம்பே. நாலு ஸ்பேட் சரியாக ஆடினால் 420, மூன்று நோ ட்ரம்பில் ஒரு பிடி கூடினால் 430, ஐந்து டைமண்ட் ஆடினால் 400. ரொக்கமாகப் பார்த்தால் இதெல்லாம் ஒன்றுதான். ஆனால் மற்ற மேசைகளில் எல்லோரும் 420 என்றால் 430 முதலிடம், 400 கடைசி. கணக்கு டீச்சருக்கே இது பிடிபட ஒரு மாதம் ஆனது.

முதல் நாள் எங்களுக்கு 41 சதவீதம். சராசரி 50 என்பதால் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைசி வாரம் 56. நடுவில் ஒருமுறை 38-ம் உண்டு, அதை மகளிடம் சொல்லவில்லை.

செலவு பெரிதில்லை, மேசைக் கட்டணம் சில பவுண்டு, வெளியாள் என்றால் கொஞ்சம் கூடுதல். பணம் வைத்து ஆடுவதில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். ஆட்டம் முடிய பத்தேகால், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. முதல் வாரம் மாப்பிள்ளை தூங்காத குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கிளப்புக்கு எழுதும்போதே அந்தப் பக்கம் யாராவது போகிறார்களா என்று கேட்டிருக்கலாம், கேட்டதும் மூன்று பேர் முன்வந்தார்கள். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஹாலில் எங்கள் வாடைக்காற்றையே வெதுவெதுப்பு என்று சொல்ல வைக்கும் குளிர். ஊரிலிருந்து ஓலைக் கொட்டானில் பனங்கற்கண்டு கொண்டுபோயிருந்தேன். தேநீருக்கு வைத்தேன், கற்கண்டு ஒரே வாரத்தில் தீர்ந்தது. கொட்டான் இப்போதும் அங்கே பென்சில் போட்டு வைக்க உபயோகமாகிறது என்று கேள்வி.

ஊர் திரும்பியதும் நாலாவது கை தேடினேன். என் நாத்தனாரைக் கேட்டேன். "இந்த வயசுல சீட்டா மதினி? ஊரு சிரிக்கும்" என்றார். 2018 ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்கு இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஜோடியில் பிரணாப் பர்தனுக்கு வயது அறுபது என்றேன். "தங்கமா? எத்தனை பவுன்?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாம் கைக்கு என் பழைய சக டீச்சர், அப்புறம் இவர்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் கேள்வி அட்டை செய்தேன். பச்சை மையால் பாஸ். சீட்டை நடுவில் எறியக் கூடாது, கையை எண்ண வேண்டும், முதல் சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும், சாடை அறவே கூடாது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். இவர், "வீட்டுக்குள்ள ஒரு டைரக்டர் போதாதுன்னு" என்று முணுமுணுத்தார்.

நேற்று நாத்தனார் எனக்கு ஜோடி, எதிரே கொண்டலில். அவர் முறை. சீட்டை ஒழுங்காகக் கவிழ்த்து வைத்தார். "கேக்க எதும் இருக்கா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சீட்டைத் திருப்பினார், ஆர்ட்டின் ராணி. அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே மூக்குத்தியைத் தொட்டார்.

"அரிக்குது மதினி" என்றார்.